முதலில் வாங்கியது புடவையைத்தான்

நாத்தனாரின் மகள் பெரியவளான செய்தி வந்ததும் என் வீட்டுக்காரர் செய்த முதல் வேலை, தறியில் புதுப் பாவு ஏற்றியது. தாய்மாமன் சீருக்குப் புடவை வேண்டுமே.

"கடையில ஒண்ணு எடுத்துக்கினு போனா ஆவாதா?" என்றேன்.

"ஊருக்கெல்லாம் நெய்யறேன், என் தங்கச்சி பொண்ணுக்குக் கடையில வாங்கினு போவணுமா? நல்லா இருக்குதே நீ பேசறது!"

மாம்பழ நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை. விழாவுக்கு மூன்று வாரம் தள்ளித்தான் நாள் குறித்திருந்தார்கள். நாங்கள் கூலிக்கு நெய்து கொடுக்கும் கடைக்காரருக்கு ஒரு சாக்குச் சொல்லிவிட்டு, அதில் பதினாறு நாளை அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார். கொடுத்தார் என்றா சொன்னேன்? கொடுத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கும் வலது கரைக்கும் ஊடிழை ஓட்டும் நாடாவை அவர் வீசுவார். இடது பக்கம் உட்கார்ந்து அந்தக் கரைக்கான நாடாவை நான் வீசுவேன். கல்யாணமான இரண்டாம் மாதம் தொடங்கி இருபத்தெட்டு வருஷமாக அவர் வீச, நான் வீச, அவர் அடிக்க என்று எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளும் மகனும் படித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தறியும்தான்.

பட்டு நெய்கிறவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது. ஒரு சொட்டு பட்டால் பட்டில் வட்டமாகக் கறை நிற்கும், ஜரிகை கறுக்கும். தறிக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு வைக்க விடமாட்டோம். தாகம் எடுத்தால் எழுந்து போய்ச் சமையலறையில் குடித்துவிட்டு, வாயையும் கையையும் துடைத்துக்கொண்டுதான் திரும்பி வருவோம். மழைக்குக் கூரை ஒழுகினால் முதலில் தறியை மூடுவோம், அப்புறம்தான் வீட்டு ஆட்கள் எங்கே நனைகிறார்கள் என்று பார்ப்போம். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு புயல் மழையில் அவளைத் தொட்டிலிலேயே விட்டுவிட்டுத் தறிக்குத் தார்ப்பாய் இழுத்தவள் நான். இதை ரொம்ப நாள் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் வாழ்க்கைப்பட்ட ஊர் மாகறல் தாண்டி உள்ளே இருக்கிறது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் விடாத மழை. அந்த ஊர் ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்து, ஊருக்குப் போகும் சாலையே தண்ணீருக்குள் போய்விட்டது. பஸ் தண்ணீருக்கு இந்தப் பக்கத்தோடு நின்றது. ஏரியில் மீன் பிடிப்பவர் ஒருவர் தன் ஃபைபர் படகில் ஆட்களை ஏற்றி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் விட்டுக்கொண்டிருந்தார். நாள் தள்ளி வைக்கலாமே என்று நான் போனில் கேட்டேன். பந்தல் போட்டாயிற்று, சமையல்காரர் வந்தாயிற்று, மாமன் வந்து மாலை போட வேண்டியதுதான் பாக்கி என்றாள் நாத்தனார்.

காலை எட்டரை இருக்கும். நானும் அவரும், சீர்த்தட்டு ஏந்திய சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரும் படகில் ஏறினோம். நீச்சல் எங்கள் நான்கு பேருக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட் என்ற ஒன்று இருப்பது டிவியில் பார்த்ததோடு சரி. இடுப்பளவுத் தண்ணீர்தான், சாலைக்கு மேலேதானே போகிறோம் என்று தைரியம். ஆனால் பாதி வழியில் ஒரு மதகு இருந்தது. அந்த இடத்தில் கால்வாய் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே ஆழம் ஓர் ஆளுக்கு மேல், இழுப்பும் அதிகம். படகுக்காரர் கிளம்பும்போதே சொன்னார்.

"மதகாண்ட வரும்போது யாரும் அசையாதீங்கபா. அப்பிடியே குந்திக்கினு இருங்க."

படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. புடவையை ஒரு துணிப்பையில் வைத்து அவர் மடியில் வைத்திருந்தார். பையின் நுனி கீழே தொங்குவது என் கண்ணில் பட்டது. பட்டதும் வாய் சும்மா இருக்குமா?

"அடியில தண்ணி இருக்குது, தெரியலையா? பைய மேல தூக்கிப் புடிங்க! பதினாறு நாள் உசுரக் குடுத்து நெய்ஞ்சது சேத்துத் தண்ணிய குடிக்கறதுக்கா?"

அவர் தூக்கிப் பிடித்தார். நான் அதோடு விட்டேனா? இன்னும் மேலே, இன்னும் மேலே என்றேன். இரண்டு கையாலும் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வேட்டியும் நனையாமல் இருக்கட்டும் என்று பாதி எழுந்தார். அதே நேரத்தில் மதகின் இழுப்பில் படகு திரும்பியது. பின்பக்கமாகத் தண்ணீரில் விழுந்தார்.

அவர் முங்கியதும் முதலில் வெளியே வந்தது கைகள்தான். இரண்டு கையும், அவற்றில் அந்தப் பையும். தலை தெரியவில்லை. மூழ்குகிற மனிதன் எதையாவது பிடிக்கத்தானே பார்ப்பான்? இவர் எதையும் பிடிக்காமல் புடவையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். படகின் ஓரத்திலிருந்து ஒரு முழத் தூரம்கூட இல்லை. நான் எட்டினேன்.

எட்டி, பையை வாங்கினேன்.

எத்தனை தடவை நினைத்தாலும் அது மாறுவதில்லை. கை என் கைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது, நான் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது கை இல்லை, வெறும் தண்ணீர்.

அப்போதுதான் கத்தினேன். படகுக்காரர் கழியைப் போட்டுவிட்டுக் குதித்தார். படகு ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு போயிற்று. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷமாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கை தண்ணீரை அடிப்பது தெரிந்தது. படகுக்காரர் அங்கே பாய்ந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தக் கரைக்கு நீந்தினார். அந்தப் படகுக்காரர் நன்றாக இருக்க வேண்டும், அவர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

சுற்றிக்கொண்டிருந்த படகைக் கரையில் நின்றவர்கள் கயிறு வீசி இழுத்து எங்களையும் சேர்த்தார்கள். கரையில் ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். இன்னொருவர் மல்லாக்கப் போட்டு வயிற்றை அமுக்கினார். தண்ணீரும் காலையில் தின்ற இட்லியும் வெளியே வந்தன. இருமினார், கண் திறந்தார், சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புடவ?" என்றார்.

"நனையலைங்க" என்றேன்.

கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். உயிர் திரும்பி வந்த சிரிப்பு அது, தப்பில்லை. ஆனால் ஆபத்து அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துச் சிரித்ததுதான் தப்பு.

நாத்தனார் வீட்டில் காய்ந்த வேட்டி சட்டை மாற்றினார்கள். தலை துவட்டி, சுக்குக் காப்பி கொடுத்து, நேராக மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மாலை போடக் கூட்டிப்போனார்கள். அந்தப் பெண் மாம்பழ நிறப் புடவையில் வந்து நின்றபோது இவர் கண் கலங்கியது. "மச்சான் சீரோட மீனும் புடிச்சுக்கினு வருவாருன்னு பாத்தோம், வெறுங்கையோட எழுந்து வந்துட்டாரு" என்றார் நாத்தனார் புருஷன். பந்தலே சிரித்தது. நூறு பேர் வந்து அவரிடம் கதை கேட்டார்கள், அவரும் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். நடுநடுவே இருமினார். பந்தியில் உட்கார்ந்து இலையை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாத்துக்கு இந்த இருமல்? சட்ட மாத்தற வரைக்கும் காத்துல நின்னு கத சொன்னா இருமாம இன்னா செய்யும்?" என்று அதற்கும் ஒரு பாட்டம் திட்டினேன்.

திரும்பும்போது படகு வேண்டாம் என்று டிராக்டர் ட்ரெய்லரில் ஏறிச் சாலைக்கு வந்தோம். வீடு சேரும்போது மணி மூன்று. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பயந்துட்டாருமா. மொகத்தப் பாரு, ரத்தமே இல்ல. தர்காவுக்குக் கூட்டினு போய் மந்திரிச்சுக்கினு வந்துடு, சரியாப் பூடும்" என்றார். எங்கள் பக்கத்தில் குழந்தை பயந்தாலும் பெரியவர்கள் பயந்தாலும் அதைத்தான் செய்வோம், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. சாயங்காலம் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் அவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். அதே பாவில் கடைக்காரருக்கு அடுத்த புடவை ஓடிக்கொண்டிருந்தது. படுங்கள் என்றேன். "படுத்தா நெஞ்சு மேல யாரோ குந்திக்கினாப்பல இருக்குது. குந்தினா பரவாயில்ல" என்றார். அந்த வார்த்தையே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானும் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

நானும் அவரும் நெய்யும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் நாடா என் பக்கம் வந்து சேரும் நேரம் என் கைக்குத் தெரியும். அன்று அவர் நாடா வரவில்லை. வந்தது, ஆனால் நான் கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிய பிறகு வந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஒவ்வொரு இழைக்கும் முன்னால் அவர் நின்று ஏதோ செய்துகொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் காய்ச்சலோடு நெய்திருக்கிறார், அவர் அம்மா செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்து நெய்திருக்கிறார், என்னோடு பேசாமல் ஒரு வாரம் முறைத்துக்கொண்டும் நெய்திருக்கிறார். ஒரு நாளும் என் கை காத்துக்கொண்டிருந்ததில்லை.

காது கொடுத்துக் கேட்டேன். அவர் செய்துகொண்டிருந்தது மூச்சு வாங்குவதுதான். ஒரு தடவை நாடா வீச மூன்று மூச்சு, நான்கு மூச்சு. எழுந்து வந்து முகத்தைப் பார்த்தேன். மூக்கு விடைத்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. தோளில் கிடந்த துண்டில் இருமித் துடைத்த இடத்தில் நுரை, லேசான சிவப்பு.

பயந்தவருக்கு நுரை வராது. அது எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா மறுபடியும் வந்து, முதலில் மந்திரித்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். "அக்கா, மொதல்ல ஆட்டோவ கூப்புடு, மந்திரிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்று கத்தினேன். பாவம், கோபித்துக்கொள்ளாமல் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். தெருவைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி ஆட்டோ போகும்போது அவர் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. இவரைத் தண்ணீருக்குள் தள்ளியதே என் வாய்தான் என்று தோன்றியது. தூக்கிப் பிடி, தூக்கிப் பிடி என்று கத்தாமல் இருந்திருந்தால் மனிதர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். காமாட்சி, இவரைத் திருப்பிக் கொடு, இனி என் ஆயுசுக்கும் இவரை ஒரு வார்த்தை திட்டமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். பொன்னும் பட்டும் நேர்ந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் இருந்ததிலேயே பெரியது அதுதான்.

ஆஸ்பத்திரியில் என் மகள் வயதில் ஒரு டாக்டரம்மா. விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பு மாட்டிப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. ஆக்சிஜன் வைத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், பிறகு முகத்தோடு இறுக்கிக் கட்டும் ஒரு மாஸ்க் மாட்டிக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தார்.

"தண்ணியில முழுகினவரை ஏம்மா அப்பவே கொண்டு வரலை?"

"எழுந்து நல்லா பேசினாருமா. பந்தல்ல கத சொல்லிக்கினு இருந்தாரு."

"பேசுவாங்கம்மா. சில பேருக்குச் சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். நுரையீரலுக்குள்ள கொஞ்சம் தண்ணி போனாலே போதும், உள்ள வீங்க ஆரம்பிச்சிடும். இருமல் இருந்துதுன்னா அப்பவே வந்திருக்கணும்." வயிற்றை அமுக்கியதைச் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "வயித்த அமுக்கவே கூடாது. வாந்தி எடுத்தா அதுவும் சேந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகும். மூச்சு இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு நேரா இங்க வாங்க. மூச்சு இல்லன்னா வாயோட வாய் வெச்சு ஊதணும், நெஞ்ச அமுக்கணும். தெரு முழுக்கச் சொல்லுங்க."

"இப்ப எப்பிடி இருக்குதுமா அவருக்கு?"

"நல்ல நேரத்துல கவனிச்சீங்க. ரெண்டு நாள் பாக்கணும்" என்றார். பிழைத்துவிடுவார் என்று சொல்லவில்லை. சொல்லுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு நாளும் கிளிப்பில் வருகிற எண்ணையே பார்த்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நாத்தனார் அழுதுகொண்டே வந்து, என் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டாள். நான் யாரிடமும் பையைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத்தான் மெச்சினார்கள். தறிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தாளே என்றார்கள். என்னால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் வைத்தார்கள். பேசலாம், கஞ்சி கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. அவர் போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டினார், முதல் தடவையாகச் சிரித்தார். நான் கரண்டியில் கஞ்சி ஊட்டினேன். மாத்திரையைக் கசக்கிறதென்று துப்பினார். "பரவாயில்லைங்க" என்று துடைத்தேன். கையைத் தட்டிக் கஞ்சியைப் புது விரிப்பில் கொட்டினார். "பரவாயில்லைங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? மறைக்காம சொல்லு" என்றார்.

"நல்லாயிட்டு வருதுன்னு சொன்னாங்க."

"பொய் சொல்ற. நானும் பாத்துக்கினேதான் இருக்கறேன். ஒரு வார்த்த திட்டல நீ. மாத்திரையத் துப்பினேன், திட்டல. கஞ்சியக் கொட்டினேன், வேணும்னேதான் கொட்டினேன், அதுக்கும் திட்டல. நான் பொழைக்க மாட்டேன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான?"

இரண்டு நாள் மாஸ்க்குக்குள் படுத்துக்கொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லைங்க. நான் உங்க கையப் புடிக்கல. கிட்டதான் இருந்துது. பையத்தான் வாங்கினேன்" என்றேன்.

"தெரியுமே. நான்தான நீட்டினேன்?"

"நீங்க நீட்டினா? என் அறிவு எங்க போச்சு?"

"என் அறிவு போன எடத்துக்குத்தான் போயிருக்கும்." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வாங்கினதும் இன்னா நெனச்சேன் தெரியுமா? பத்திரமாப் போயிடுச்சு, இனிமே என் கை சும்மாதான இருக்குதுன்னு நெனச்சேன். அப்பறம்தான் தண்ணிய அடிச்சேன். அடிச்சதுலதான் அந்தப் படகுக்காரர் கண்ணுல பட்டேன். நீ வாங்கலைன்னா கடைசி வரைக்கும் தூக்கிக்கினேதான் இருந்திருப்பேன்."

இது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று இன்று வரை தெரியாது. கேட்கவும் போவதில்லை. ஆனால் கடைசி வரைக்கும் தூக்கிக்கொண்டே இருந்திருப்பேன் என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னாரே, அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. காமாட்சி மன்னிக்க வேண்டும். வாய் திறந்துவிட்டது.

"கடைசி வரைக்கும் தூக்கிக்கினு இருந்திருப்பியா? உசுரு போனா புடவைய எவன்யா நெய்யறது? பாழாப்போன பட்டு! இன்னொண்ணு நெய்ஞ்சா ஆவாதா? இன்னொரு ஆளுக்கு நான் எங்கய்யா போவேன்? இனிமே ஏரிப்பக்கம் போ, காலை ஒடைக்கறேன். மாத்திரையத் துப்பற? வேணும்னே கஞ்சியக் கொட்டற? அத எவ தொடைக்கறது?" அழுதுகொண்டே திட்டினேன். திட்டிக்கொண்டே அவர் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஒருவர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அவர் தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு நர்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணும் இல்லமா," என்றார், "நான் பொழைச்சுக்கினேன்."